எல்லை தாண்டினால் வேகாத பருப்பு

பனைமேட்டுக்குப்பத்தில் வீடு பார்க்கப் போன தணிகாசலம், தண்ணீர் எப்போது வரும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்றெல்லாம் கேட்கவில்லை. அவன் கேட்டது ஒரே கேள்விதான்.

"இந்த வீடு முழுசா பாண்டிச்சேரியிலதானே இருக்கு?"

வீட்டுக்காரர் ஏகாம்பரம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் பாண்டிச்சேரி. நடுவுல வெள்ளைக்கோடு போட்டிருக்கான் பாரு."

"தெரியுதுங்க. சமையக்கட்டு, குளிக்கிற ரூம் எதுவும் அந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இல்லையே?"

"வாசப்படிகூட இந்தப் பக்கம்தான். நீ என்ன, சரக்கு யாவாரமா?"

"ஜவுளிக்கடையில வேலைங்க. வீட்டுக்காரிதான் போலீஸ். எதிர்ல இருக்கிற ஸ்டேஷன்ல எஸ்.ஐ."

ஏகாம்பரம் சாவியை மடியில் செருகிக்கொண்டார். "போலீஸுக்கு வீடு விடறதில்லப்பா. வாடகை கேட்டா கேஸ் போடுவாங்க."

"ரோட்டைத் தாண்டிட்டா அவ போலீஸ் இல்லீங்க. அதுக்குத்தான் இங்க வர்றோம்."

"ஓ, பருப்பு வெச்ச ஆளா?" என்றார் ஏகாம்பரம், குரலை இறக்கி.

"ஆமாங்க."

சாவி மடியிலிருந்து வெளியே வந்தது.

பருப்பு என்பது ஊர் வைத்த பெயர். அரசாங்கத்தில் அதற்கு 'தகுதி வில்லை' என்று பெயர். துவரம்பருப்பு அளவில், காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைப்பார்கள். ஒரு காலத்தில் போலீஸாக வேண்டுமானால் மாதக்கணக்கில் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டியிருந்தது. ஓடி முடித்து வந்தவர்களில் சிலருக்குச் சட்டம் தெரிந்தது, சிலருக்கு ஓட மட்டும் தெரிந்தது. லாரி ஓட்டுகிறவனுக்கே லைசென்ஸ் கேட்கிற நாட்டில், லத்தி பிடிக்கிறவனுக்கு ஏன் கேட்பதில்லை என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டுக் கேட்டுக் கடைசியில் காவல் தகுதி வாரியம் வந்தது, அதன் கையில் வில்லையும் வந்தது. சட்டப் பிரிவுகள், முதலுதவி, கூட்டத்தைக் கலைக்கும் விதம், கோபத்தை அடக்கும் விதம், யாராக இருந்தாலும் 'வாங்க, போங்க' என்று பேசும் விதம் எல்லாம் அதற்குள் இருந்தன. பழைய நினைவு எதுவும் போகாது. ஆனால் வில்லை வேலை செய்கிற வரைக்கும் ஆள் வேறு மாதிரி நடந்துகொள்வார்.

லைசென்ஸ் கொடுத்தது மாநிலம் என்பதால் அது அந்த மாநிலத்துக்குள் மட்டும் செல்லும். எல்லையைத் தாண்டினால் அடுத்த மூச்சில் அணைந்துவிடும். திரும்பி வந்தால் திரும்பவும் எரியும். "தாண்டிட்டா பருப்பு வேகாது" என்று பனைமேட்டுக்குப்பத்தில் சின்னப் பிள்ளைகள்கூடப் பாடின.

தணிகாசலத்தின் மனைவி குமுதவல்லி முன்பு கடலூர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் நின்றவள். அவன் அதே கடையில் சட்டைத் துணிப் பிரிவு. கைக்குட்டை வாங்க வந்தவர்களை அவள் பேசிப் பேசியே பட்டுப்புடவையோடு அனுப்பிவைப்பதைத் துணி கிழிக்க மறந்து பார்த்துக்கொண்டு நிற்பான். அப்படித்தான் கல்யாணம் ஆயிற்று. பிறகு ஒருநாள் அவள் அக்காவின் தாலிச் சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு போனான். புகார் கொடுக்கப் போன அக்காவை ஸ்டேஷன் பெஞ்சில் நாள்கணக்கில் உட்கார வைத்தார்கள். அதற்கப்புறம்தான், "நான் அந்த நாற்காலியில உக்காந்தா ஒருத்தரையும் காக்க வைக்க மாட்டேங்க" என்று சொல்லிப் பரீட்சை எழுதினாள்.

சொன்னபடியே செய்தாள். எஸ்.ஐ. குமுதவல்லியின் ஸ்டேஷனில் கன்னத்தில் அறை கிடையாது, கை நீட்டுவது கிடையாது, எந்தப் புகாரும் திரும்பிப் போகாது. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. ஆனால் போலீஸ்காரர்களுக்கு இருபத்துநாலு மணி நேரமும் பணி என்பதால் வில்லை வீட்டிலும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஸ்டேஷனை ஒட்டிய குவார்ட்டர்ஸில் அவளோடு குடித்தனம் நடத்தியது தணிகாசலம் ஒருவன்தான்.

"சாம்பார்ல உப்பு கம்மியா இருக்கு" என்று ஒருநாள் தெரியாமல் சொல்லிவிட்டான்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இது கருத்தா, புகாரா? புகார் என்றால் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும்."

சண்டை போட்டுப் பார்த்தான். அவள் ஒரு கை தூரம் பின்னால் நகர்ந்து, இரண்டு உள்ளங்கையும் தெரிகிற மாதிரி நின்று, "உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. உட்கார்ந்து பேசலாமா?" என்றாள். மனுஷன் எத்தனை நாளைக்குத் தனியாகவே சண்டை போடுவான்? அதனால்தான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் வீடு.

புது வீட்டுக்கு அவள் வந்த முதல் சாயங்காலம், தணிகாசலம் வாசலில் தன் கையாலேயே கோலம் போட்டுவிட்டுக் காத்திருந்தான். காக்கிச் சட்டையில் விறைப்பாக நடந்து வந்தவள், வெள்ளைக்கோட்டைத் தாண்டியதும் தோளைத் தளர விட்டாள். கீழே பார்த்தாள்.

"ஐய, என்னங்க இது? கோழி நடந்த மாதிரி கோலம்!"

அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளும் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாசப்படியில் உட்கார்ந்தவள், சட்டென்று முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"என்ன குமுதா, என்ன ஆச்சு?"

"காலையில லாரி அடிச்சு ஒரு கீரைக்காரம்மா செத்துப்போச்சுங்க. ரோடெல்லாம் கீரைக்கட்டு. அந்தம்மா பையன்கிட்ட நான்தான் விஷயத்தைச் சொன்னேன். என்னமா நிதானமாச் சொன்னேன் தெரியுமா? எப்படிங்க என்னால அப்படிச் சொல்ல முடிஞ்சுது?"

காலையில் நடந்த சாவுக்கான அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது. அதன்பிறகு தினமும் அப்படித்தான். வந்ததும் படியில் உட்காருவாள். அன்றைக்குப் பார்த்ததற்கெல்லாம் அழுவாள், பயப்படுவாள். மத்தியானம் ஒரு குடிகாரன் சொன்ன வேடிக்கைக்கு ராத்திரி சாப்பிடும்போது புரையேறச் சிரிப்பாள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் காபி. தணிகாசலம் பாலை அதற்குத் தகுந்த மாதிரி அடுப்பில் வைக்கப் பழகிக்கொண்டான்.

படியில் அவளுக்குத் துணையும் கிடைத்தது. அடுத்த வீட்டுப் பாக்கியலட்சுமி. வாயும் மனசும் பெரிய பொம்பளை. அவள் புருஷன் வீரபத்திரன் பாண்டிச்சேரிச் சாராயத்தை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடத்துகிறவன் என்பது ஊருக்கே தெரியும். அவன் மட்டும் கோட்டைத் தாண்டவே மாட்டான். பிளாஸ்டிக் நாற்காலியைச் சரியாகக் கோட்டுக்கு இந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்துகொண்டு, எதிரே ரோந்து போகும் எஸ்.ஐ.க்கு வணக்கம் வைப்பான். பாக்கியத்தின் தம்பி தர்மன்தான் வண்டி ஓட்டுவான்.

"நாளைக்கு விடியக்காலையிலேயே ஓடைப் பாலத்துக்கிட்ட போய் நிக்கணும்க்கா. தூக்கமே போச்சு" என்றாள் குமுதவல்லி ஒருநாள், கறிவேப்பிலை உருவிக்கொண்டே.

"அடப்பாவமே. பனி கொட்டுமே, தலையில துண்டு கட்டிக்கிட்டுப் போ" என்றாள் பாக்கியம்.

விடியக்காலையில் பாலத்துக்கு வந்த வேனில் வெறும் தேங்காய்தான் இருந்தது. தர்மன் இறங்கி, ஓர் இளநீரைச் சீவி நீட்டினான். "பனியில நிப்பீங்கன்னு மாமா குடுத்தனுப்பினாரு மேடம்." அடுத்த வாரம் சவுக்குத் தோப்பில் சோதனை. அங்கே சரக்கு இல்லை. ஒரு நாற்காலியும் குடையும் இருந்தன, எஸ்.ஐ. உட்காருவதற்கு.

ஸ்டேஷனில் ஏட்டு அந்தோணிசாமி தலையைச் சொறிந்தார். "யாரோ தகவல் குடுக்கிறாங்க மேடம். உங்களுக்கு யார் மேல சந்தேகம்?"

"என் மேல்."

அந்தோணிசாமி சொறிவதை நிறுத்தினார்.

"இரண்டு முறையும் அடுத்த வீட்டுப் பாக்கியலட்சுமி அவர்களிடம் நான்தான் சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏன் சொன்னேன் என்பதுதான் விளங்கவில்லை" என்றாள் எஸ்.ஐ. "விசாரணை நடத்த வேண்டும். முதலில் சாட்சியைக் கூப்பிடுங்கள்."

சாட்சி, கடையிலிருந்து அப்போதுதான் பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. தணிகாசலத்தை நாற்காலியில் உட்கார வைத்து, விதிப்படி தண்ணீர் கொடுத்தார்கள்.

"உங்கள் மனைவிக்குப் பணி ரகசியங்களை வெளியாட்களிடம் பேசும் பழக்கம் உண்டா?"

"என் பொண்டாட்டி நீதானே குமுதா?"

"நான் விசாரணை அதிகாரி. கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்."

"பேசுவா. எல்லாத்தையும் பேசுவா. எனக்கு மூலம் இருக்கிறதைக்கூட அந்தம்மாகிட்ட சொல்லிட்டா."

தட்டச்சு செய்துகொண்டிருந்த அந்தோணிசாமி நிமிர்ந்தார். "மேடம், மூலத்துக்கு எந்த 'ல'?"

"அதைப் பதிவு செய்ய வேண்டாம். தகவலுக்குக் கைம்மாறாக அவர் ஏதாவது பெற்றாரா?"

"மாங்கா ஊறுகா வாங்கினா."

"அதை நீங்களும் சாப்பிட்டீர்களா?"

"நீயும்தான் சாப்பிட்ட. சப்புக்கொட்டிக்கிட்டு."

"சாப்பிட்டேன்" என்று ஒப்புக்கொண்டாள் எஸ்.ஐ. "காரம் கொஞ்சம் அதிகம். உங்கள் மனைவிமேல் உங்களுக்குப் பற்று உண்டா?"

"இது என்ன கேள்வி? கட்டின பொண்டாட்டிமேல ஆசை இருக்கக் கூடாதா?"

"சாட்சி, சந்தேகத்துக்குரியவர்மேல் பற்றுள்ளவர் என்று குறித்துக்கொள்ளுங்கள்."

தணிகாசலத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சரி, நான் ஒண்ணு கேக்கறேன். உனக்கு என்மேல ஆசை இருக்கா, இல்லையா? இங்க, இந்தப் பக்கம், இப்ப சொல்லு."

அந்தோணிசாமி அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எஸ்.ஐ. தன் தொப்பியை மேசைமேல் நேராக வைத்தாள். ஏற்கனவே நேராகத்தான் இருந்தது.

"பணியில் இருக்கும்போது அதற்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்றாள்.

அன்றைக்கே அவள் தன்மேல் தானே வாரியத்துக்குப் புகார் அனுப்பிவிட்டாள். மறுநாளே பதில் வந்தது. கவலைப்பட வேண்டாம், அடுத்த மாதம் முதல் இரு அரசுகளுக்கும் ஒப்பந்தம் ஆகிறது, இனி வில்லை இரண்டு பக்கமும் வேலை செய்யும், பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும் என்றார்கள்.

குமுதவல்லி படியில் உட்கார்ந்து இதைச் சொன்னாள். "நானேதாங்க எழுதினேன். ஏன்தான் எழுதினேனோன்னு இருக்கு இப்ப."

"ஆந்திராவுல வீடு பாக்கட்டுமா?" என்றான் தணிகாசலம்.

"தினம் ஆந்திராவுல இருந்து டூட்டிக்கு வரவா?"

"அப்ப அந்தப் பருப்பை எடுத்துப் போட்டுடு. நமக்கு எதுக்கு இந்த வேலை? கடை முதலாளிகிட்ட நான் பேசறேன்."

அவள் வெகுநேரம் எதிர்ப்பக்கம் இருந்த ஸ்டேஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் விளக்கு எரிந்தது. யாரோ ஒரு கிழவனார் உள்ளே போனார். அந்தோணிசாமி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அந்தப் பக்கம் இருக்கிறாளே, அவ நல்லவங்க" என்றாள். "எங்கக்கா போய் நின்னப்ப இப்படி ஒருத்தி அங்க இருந்திருந்தா அக்கா அந்தப் பெஞ்சில உக்காந்து அழுதிருக்க மாட்டா. அவ வேணும்ங்க. ஆனா நானும் வேணுமே."

காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

மாதம் முடிவதற்குள் அந்தச் சனிக்கிழமை வந்தது. எதிர்ப்பக்கத்து ஊர்களில் அன்றைக்கு அம்மன் கோயில் திருவிழா. பொழுது சாய்கிற நேரம். குமுதவல்லி குளித்துவிட்டு, ரோஜாப்பூப் போட்ட நைட்டியில், தோளில் துண்டோடு படியில் வந்து உட்கார்ந்திருந்தாள். பாக்கியம் வேர்க்க விறுவிறுக்க வந்தாள்.

"குமுதா, தர்மனுக்குக் கண்ணு தெரியல."

"என்னக்கா சொல்றீங்க?"

"மத்தியானம் புது சரக்கு வந்துச்சு. வழக்கமான எடத்துல எடுக்கல, வெல கம்மின்னு எங்க வீட்டுக்காரரு வேற எவன்கிட்டயோ எடுத்திருக்காரு. இவன் ருசி பாத்திருக்கான். வாந்தி. இப்ப எல்லாம் புகை மூட்டமா இருக்குங்கறான். அவர்கிட்ட சொன்னா, 'நாளைக்குத் தெளிஞ்சுடும், வண்டியை நானே ஓட்டிக்கிறேன்'னு கேனையெல்லாம் ஏத்திக்கிட்டு இருக்காரு. திருவிழா சனம் அத்தனையும் குடிக்குமே!" அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லாதம்மா. யார்கிட்டயும்."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

குமுதவல்லி எழுந்து நின்றாள். தணிகாசலம் சமையற்கட்டிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்திருந்தான்.

"பாண்டி போலீஸுக்குப் போன் போடலாமா?" என்றான்.

"போடுங்க. ஆனா டவுன்ல இருந்து அவங்க வர்றதுக்குள்ள வண்டி கோட்டைத் தாண்டிடும்." அவள் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. "நான் ரோட்டைத் தாண்டினா அவ புடிச்சுடுவாங்க. அக்கா வீட்டுக்காரரைப் புடிச்சு உள்ள வெச்சுடுவா. ஈவு இரக்கமே பாக்க மாட்டா. நாளைக்கு நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இந்தப் படியில வந்து உக்காருவேன்?"

"போகாட்டி?"

அவள் இரண்டு கைகளாலும் துண்டைப் பிடித்துக்கொண்டு, குளத்தில் இறங்குகிறவள் மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தாள். தணிகாசலம் வாசலிலேயே நின்று பார்த்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் அவள் கால்கள் பின்னிக்கொண்டன. அந்தப் பக்கம் போனதும் முதுகு நிமிர்ந்தது. துண்டு தோளிலிருந்து கைக்கு வந்தது.

"ஏட்டையா! தடுப்பை ரோட்டில் இழுத்துப் போடுங்கள். ஆம்புலன்ஸ் ஒன்று, எதிர் வீட்டு வாசலுக்கு. ஒருவருக்குக் கண்பார்வை ஆபத்தில் இருக்கிறது."

ஸ்டேஷனுக்குள்ளிருந்து ஓடி வந்த அந்தோணிசாமி, ரோஜாப்பூ நைட்டியைப் பார்த்து ஒரு நொடி திகைத்தார். பிறகு அதற்கே விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டுத் தடுப்பை இழுக்கப் போனார்.

வீரபத்திரன் வண்டியோடு சந்திலிருந்து திரும்பிக் கோட்டைத் தாண்டினான். வாழ்நாளில் முதல்முறையாகத் தாண்டினான். எதிரே நைட்டியில் நின்ற பெண்ணைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக் குமுதா என்றே நினைத்துவிட்டான். கண்ணாடியை இறக்கி, "என்னம்மா, கோலமாவு வேணுமா? வழியில நிக்கிறியே" என்று சிரித்தான்.

"வணக்கம். வண்டியை அணைத்துவிட்டு மெதுவாக இறங்குங்கள். உங்களைக் கைது செய்கிறேன். உங்கள் உரிமைகளைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்" என்றாள் எஸ்.ஐ. அவன் சிரிப்பு முடிவதற்குள் துண்டால் அவன் கைகள் கட்டப்பட்டிருந்தன.

அன்றைக்குத் திருவிழாவில் யாரும் செத்துப்போகவில்லை. தர்மனுக்கு ஒரு கண் முழுசாகவும் இன்னொரு கண் முக்காலாகவும் மிஞ்சியது.

அடுத்த வாரம் வாரியத்திலிருந்து ரூபாவதி என்ற அதிகாரி விசாரணைக்கு வந்தாள். தணிகாசலமும் சாட்சியாக ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான்.

"வண்டியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டாள் ரூபாவதி.

"தகவல் கிடைத்தது" என்றாள் எஸ்.ஐ.

"யாரிடமிருந்து?"

"தகவல் தந்தவரின் பெயரை எக்காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது என்பது வாரியத்தின் விதி."

ரூபாவதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அன்று சாயங்காலம் நீங்கள் அந்தப் பக்கம் இருந்தீர்கள். வில்லை அணைந்திருந்தது. ஆகவே தகவலாளி நீங்களேதான். சரிதானே?"

"அதையும் சொல்ல இயலாது."

ரூபாவதிக்குள் இருந்த வில்லை விதிகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் பெருமூச்சு விட்டாள். "லைசென்ஸ் உள்ளவர் தகவலாளியாக இருக்கக் கூடாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு லைசென்ஸ் இல்லை. ஆக, தகவலாளி செல்லும். கடத்தல்காரர் குடும்பத்தோடு தகவலாளி பழகினதும் குற்றமாகாது, அவர்கள் வேலையே அதுதான். தகவலாளிக்குக் கேடு செய்கிற எதையும் வாரியம் செய்யக் கூடாது. அந்தப் பக்கமும் உங்கள் வில்லையை எரியவிட்டால் தகவலாளியே இல்லாமல் போய்விடுவார். எனவே புது ஒப்பந்தம் உங்களுக்கு மட்டும் பொருந்தாது."

தணிகாசலம் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். "அம்மா, நீங்க நல்லா இருக்கணும். எதிர்லதான் வீடு. ஒரு வாய் காபி சாப்பிட்டுப் போங்க."

ரூபாவதி அவனோடு ரோடுவரைக்கும் வந்தாள். வெள்ளைக்கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டாள். தன் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"வேண்டாம்" என்றாள். "நான் எந்த எல்லையையும் தாண்டி வருஷக்கணக்காகிறது. அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று எனக்கு மறந்துவிட்டது." கார்வரைக்கும் போனவள் திரும்பிப் பார்த்து, "நைட்டிக்கு விலக்கு உண்டு, அவசரப் பணி. அடுத்த முறை பூ இல்லாததாக இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வீட்டில் கொண்டாட்டம் இல்லை. அடுத்த வீட்டுக் கதவு மூடியே கிடந்தது. குமுதவல்லி சாயங்காலம் வந்தால் படியில் உட்காராமல் நேரே உள்ளே போய், கதவிடுக்கில் நின்று அந்த மூடிய கதவையே பார்ப்பாள். காபியைக் குடிக்காமல் வைத்துவிடுவாள்.

இப்படியே சில நாள் போனது. பிறகு ஒரு சாயங்காலம் அந்தக் கதவு திறந்தது. பாக்கியம் ஒரு முறம் முருங்கைக்கீரையோடு வந்து படியில் உட்கார்ந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கீரையை உருவ ஆரம்பித்தாள். குமுதவல்லி மெல்ல வெளியே வந்து, ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள்.

"உன் மேல எனக்குக் கோவம் இல்ல" என்றாள் பாக்கியம், கீரையிடம் பேசுகிற மாதிரி. "அவ மேலதான். அவளை நான் திட்டுவேன். நீ கோச்சுக்கக் கூடாது."

"திட்டுங்கக்கா. நானும் திட்டறேன்."

"கட்டின புருஷனைத் துண்டால கட்டினாளே, கல்நெஞ்சக்காரி!"

"கொஞ்சமாவது சிரிச்ச மூஞ்சியா சொல்லியிருக்கலாம்க்கா. மரக்கட்டை."

"அன்னிக்கு ராத்திரி ஸ்டேஷனுக்கு அவரைப் பாக்கப் போனா, 'வணக்கம், உட்காருங்கள்'ங்கறா. யாருக்கு வேணும் அவ வணக்கம்!"

"வீட்டுலயும் அப்படித்தான்க்கா இருந்தா. இவரைக் கேளுங்க."

உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்த தணிகாசலம் காதை மட்டும் தீட்டிக்கொண்டான். இரண்டு பெண்களும் அவளை முறை வைத்துத் திட்டித் தீர்த்தார்கள். திட்டத் திட்டக் குமுதவல்லி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பாக்கியத்தின் பக்கத்துப் படிக்கே வந்து, முறத்திலிருந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாள்.



"அவளுக்குப் போய்ச் சேரட்டும்னுதான் அன்னிக்கு உன்கிட்ட சொன்னேன்" என்றாள் பாக்கியம் திடீரென்று, தாழ்ந்த குரலில். "நேரா அவகிட்ட போய் நின்னா கையெழுத்துக் கேப்பா. புருஷனுக்கு எதிரா நான் எப்படிடி கையெழுத்துப் போடுவேன்? வெளியில தெரிஞ்சா அவரோட ஆளுங்க என்னைச் சும்மா விடுவாங்களா?"

"தெரியும்க்கா."

"உனக்கா, அவளுக்கா?"

குமுதவல்லி யோசித்தாள். "முதல்ல எனக்கு. ரோட்டைத் தாண்டினதும் அவளுக்கும்."

"அப்ப ஏன் அவ என்னைத் தேடி வரல? எல்லாத்தையும் எழுதி வாங்கறவளாச்சே. நான் தினம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள நடுங்கிக்கிட்டு இல்ல இருந்தேன்!"

"மேலதிகாரி வந்து கேட்டாங்கக்கா. யார் சொன்னதுன்னு. பேரைச் சொல்ல முடியாதுன்னுட்டா. நீயாதான் இருக்கும்னு அவங்க என்னைச் சொன்னப்பகூட, ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. தணிகாசலம் அதைக் கவனிக்கவில்லை. அன்றைக்கு ஸ்டேஷனில் தன் மனைவியைக் காப்பாற்றத்தான் அந்த எஸ்.ஐ. வாயைக் கட்டிக்கொண்டாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். ஜன்னல் வழியாக ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். ஸ்டேஷனில் அவள் நாற்காலி காலியாக இருந்தது.

பாக்கியம் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "இருந்தாலும் அவளுக்குத் திமிரு ஜாஸ்திதான்" என்றாள்.

"ரொம்ப ஜாஸ்திக்கா" என்று சொல்லி, குமுதவல்லி இன்னொரு கொத்து முருங்கைக்கீரையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.